மூடிய பெட்டிக்கு ஊற்றிய தண்ணீர்

எதிர்வீட்டில் தச்சு வேலை நடக்கிறது. நேற்றைய மழையில் வாசலில் கிடந்த பலகைகளெல்லாம் நனைந்துவிட்டன. காலையில் சன்னலைத் திறந்ததும் ஈர மரத்தின் வாசனை உள்ளே வந்தது. கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன். இன்று உன்னோடுதான் பேச முடியும்.

மந்தைவெளி டைப்ரைட்டிங் வகுப்பில் என் பக்கத்து மெஷின் உன்னுடையது. நான் அபிராமபுரத்திலிருந்து நடந்து வருவேன், நீ அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து. உன் அண்ணன் சேகர் பட்டாளத்தில் இருந்தார், இலங்கைக்குப் போயிருந்தார். இந்திய அமைதிப்படை திரும்புகிறது என்று செய்தி வரத் தொடங்கியதுமே அவருக்கு ஒரு நீலச் சட்டை தைக்கக் கொடுத்தாய். அளவுக்கு என்ன செய்தாய் என்று கேட்டேன்.

“எங்கண்ணன் தோளு எனக்குத் தெரியாதாடி?” என்று சிரித்தாய்.

சட்டை தைத்து வந்த வாரத்தில் தந்தி வந்தது.

உங்கள் குடிசை வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் குளிப்பாட்டுவதற்கு வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் வந்துவிடும். லாரித் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் அதே பெண்கள் அன்று குடத்தை வாசலில் வைத்துவிட்டு ஒருத்திக்கொருத்தி வழிவிட்டு நிற்பார்கள். ஆனால் சேகருக்கு அந்தத் தண்ணீர் வருமா என்று நீ பயந்தாய். முனையில் டீக்கடை வைத்திருந்தவர் முதல் நாளே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தார்: “அங்க போயி நம்ம ஜனத்தையே சுட்டவனுக்கு, ஏரியாவே கூடி ஒப்பாரி வெக்கணுமா?”

அவர் சொன்னதை என்னால் பொய் என்று தள்ள முடியவில்லை. இலங்கையில் நடந்தவற்றைச் செய்தித்தாளில் படித்தவள்தானே நான். ஆனால் நீ சட்டைத் துணி தேர்ந்தெடுத்தபோது கூட இருந்தவளும் நான்தான்.

மறுநாள் முதலில் குடம் கொண்டுவந்தது அந்த டீக்கடைக்காரரின் மனைவி.

“உன் ஊட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலியாக்கா?” என்றாய்.

“அவுரு கெடக்கறாரு. டீய ஆத்தறதவிட வாய ஆத்தறதுதான் சாஸ்தி” என்று சொல்லிவிட்டு உன்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்குப் பின்னால் குடங்கள் வரிசையாக வந்தன. அடுப்பெரியாத உன் வீட்டுக்கு யாரோ தூக்கில் காப்பி கொண்டுவந்தார்கள். பையன்கள் பந்தல் போட்டார்கள். அத்தனை பேரும் முகம் தெரியும் ஓர் உடலுக்காகத்தான் காத்திருந்தோம்.

வந்தது ஆணி அடித்த பெட்டி. கூட வந்த சிப்பாய்களில் ஒருவர் தமிழர். தலை குனிந்தபடி, “தெறக்கக் கூடாதும்மா. உத்தரவு” என்றார்.

“மூஞ்சிய மட்டும் காட்டு, நைனா. ஒரு தபா பாத்துட்டு மூடிர்றேன்” என்று உன் அம்மா அவர் காலைப் பிடித்தாள். அவர் விலகிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். கண்ணிவெடி என்று மட்டும் பிறகு யாரோ சொன்னார்கள்.

குடங்கள் நிரம்பி நின்றன. கொண்டுவந்த தண்ணீரை யாரும் திருப்பி எடுத்துப்போக மாட்டார்கள். கடைசியில் டீக்கடைக்காரரின் மனைவிதான் மஞ்சளைக் கரைத்துப் பெட்டியின் மேலேயே ஊற்றினாள். ஒவ்வொருத்தியாக ஊற்றினார்கள். புது மரம் தண்ணீரைக் குடித்துக் கறுத்தது. வாய்க்கரிசியை மூடியின் மேல் தூவினார்கள். அது ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தச் சட்டையையும் மேலே போர்த்தச் சொன்னார்கள். நீ மார்போடு அணைத்துக்கொண்டு தர மறுத்தாய்.

“உள்ள யாரு கீறாங்கன்னு தெரியாம யாருக்குடி போடறது?” என்று என்னிடம் கேட்டாய்.

பெட்டியைத் தூக்கியபோது ஒருவன் இன்னொருவனிடம் முணுமுணுத்தான்: “இன்னாடா, இவ்ளோ லேசா கீது?” அவன் கெட்டவன் இல்லை. கடைசிவரை தோள் கொடுத்தவன். ஆனால் அது உன் காதில் விழுந்துவிட்டது. இடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை என்று தெருமுனையில் நிறுத்திவிட்டார்கள். நீ அங்கேயே நின்றுவிட்டாய். அதற்குப் பிறகு உன் வாழ்க்கை முழுவதும் அந்தத் தெருமுனைதான் என்று எனக்குத் தோன்றும்.

பல வருடம் கழித்து ஆற்றங்கரைக் குடிசைகளை இடித்து வேளச்சேரிக்கு அப்பால் அனுப்பியபோது எல்லோரும் மூட்டை கட்டினார்கள். நீ மட்டும் அசையவில்லை. “அவன் வந்தா இங்கதானடி தேடுவான்?” அழைத்துப் போக வந்த நானும் உன் அம்மாவும் கையைப் பிடித்து இழுத்துத்தான் உன்னை லாரியில் ஏற்றினோம். அப்படிக் காத்திருப்பவளை என்ன செய்வதென்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

போன மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. புது இடத்தில் உங்கள் பழைய வரிசை இல்லை. ஆளுக்கொரு மூலையில் வீடு கிடைத்துச் சிதறியிருந்தார்கள். தகவல் போய்ச் சேருவதற்குள் நேரமாகிவிட்டது. உனக்கு ஒரே ஒரு குடம்தான் வந்தது. அதை நான்தான் ஊற்றினேன்.

உன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஊற்றினேன். முகத்தைப் பார்த்துவிட்டால் மனசு ஆறிவிடும் என்று நீ நம்பியிருந்தாய். இல்லையடி. பார்த்தேன். ஆறவில்லை.

ஆணியில் தொங்கிய நீலச் சட்டையை உன் அம்மா என்னிடம் கொடுத்துவிட்டாள். என் புத்தக அலமாரியில் மடித்து வைத்திருக்கிறேன். பஸ்ஸில் போகும்போது முன்னால் நிற்கும் ஆண்களின் தோள்களைப் பார்க்கிறேன். இவருக்குச் சரியாக இருக்குமா என்று கண் தானாக அளக்கிறது. அவர் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நிற்கிறேன். திரும்புகிறவர் ஒவ்வொரு முறையும் வேறு யாரோ.