மாவட்ட அரசு போட்ட மாலை

அன்புள்ள நசிமியு,

நலமா? முதுகுவலி குறைந்ததா? லோட்வார் வெயிலில் நான் சுகம்தான்.

நேற்று மாவட்ட அரசு ஊழியர்களுக்குப் பாராட்டு விழா. நம்ம ஊர் புங்கோமாவுக்கே மாற்றல் கேட்கலாமென்று பேச்சைத் தயார் செய்துகொண்டு போனேன். நான் வாய் திறக்குமுன் மாவட்ட ஆளுநர் மணிமாலை போட்டுவிட்டு மைக்கில், "இந்தப் பெரியவர்தான் நமக்குத் தண்ணி குடுக்கிறவர். ஓய்வு பெறுற வரைக்கும் இவரை எங்கயும் விடமாட்டோம்" என்றார். கூட்டம் கைதட்டியது. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் தட்டினேன்.

"மாலை போட்டே கட்டிப் போட்டுட்டாங்களே, பெரியவரே," என்று பம்ப் ஓட்டும் எகால் சிரித்தான். முந்திக்கொண்டு பேசியிருக்கலாமோ என்னவோ.

கேழ்வரகு மாவு கொஞ்சம் அனுப்பு. கூரையை உன் தம்பியை வைத்தே வேய்ந்துவிடு, மழைக்கு முன் என்னை எதிர்பார்க்காதே. கடிதம் கொண்டுபோகும் பஸ் கிளம்புகிறது.

உன்
மகோகா