ரோகிணிக்காரிக்கு ‘வி’யில் ஒரு பேர்

அண்ணா,

காலையில் புதுச்சத்திரம் ஸ்டாப்பிங்கில் டவுன் பஸ்ஸுக்காக நின்றபோது ஒரு லாரி எதிரே வந்து நின்றது. கேபின் நெற்றியில் ஓனரின் பிள்ளைகள் பேர், மஞ்சளில். எழுத்தின் வாலைச் சுழித்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, நீங்கள் எழுதியது. என் இடுப்பில் பாப்பா; பையில் அவள் பேரைப் பதிகிற விண்ணப்பம், பேர் எழுதும் இடம் மட்டும் காலி. பதினோரு மாதமாக அவளுக்குப் பேர் இல்லை. ஒரு வயசு முடிவதற்குள் பதியச் சொல்கிறார்கள்.

லாரிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் பேரெல்லாம் உங்கள் பிரஷ் வழியாகப் போனதால், எது ஸ்டைல், எது பழசு என்று உங்களிடம்தான் கேட்பார்கள். இவள் ரோகிணியில் பிறந்ததும், அந்த நட்சத்திரத்துக்கான எழுத்துகளில் ‘வி’யைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டீர்கள். வியா, விஹா, விதுனா என்று எழுதி எழுதி அடித்தீர்கள். கடைசியில், “வியானா. மூணே எழுத்து சாமி, எந்த வண்டி நெத்திலயும் அடங்கீரும்” என்றீர்கள். என் மகளை லாரியாக்கிவிட்டீர்களே என்று தையல் வலிக்கச் சிரித்தேன்.

அதற்கு முந்தின நாள்தான் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ஆபரேஷனை மறுநாள் காலைக்குத் தள்ளலாம் என்றார் டாக்டர். தள்ளியிருந்தால் மிருகசீரிடம். ரோகிணிப் பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்று அம்மா அழுதாள். எனக்கு வலி பொறுக்கவில்லை. இன்றைக்கே எடுத்துவிடுங்கள் என்றேன். “எனக்கு என்ன ஆகப்போகுது? நீ வலில கெடக்காத சாமி” என்றீர்கள். இருபத்தோராம் நாள் பைபாஸில் பஸ் மோதிப் போய்விட்டீர்கள்.

அன்றிலிருந்து அம்மா பாப்பாவைத் தூக்குவதில்லை. பால் ஆற்றித் தருவாள், துணி துவைப்பாள், தூக்க மாட்டாள். நேற்று மெதுவாகச் சொன்னாள்: “மிருகசீரிடம்னு சொல்லிக்கலாங் கண்ணு. ‘கா’வுல ஒரு பேரு வையி. ‘வி’ன்னாலே ரோகிணின்னு கண்டுக்குவாங்க. நாளைக்குக் கட்டிக்குடுக்கறப்ப, மாமனை முழுங்குன புள்ளைன்னு சொல்லுவாங்க.”

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். போனது அவளுடைய ஒரே மகன். எனக்குப் பயம் வேறு. பாப்பா வீறிட்டு அழும்போது, ஒரு நொடி, நானும் அவளை அப்படிப் பார்த்துவிடுகிறேன். பெற்றவளே அப்படிப் பார்த்தால் அவள் எங்கே போவாள்? ‘கா’வில் வைத்தால் அந்தப் பார்வையை நானே ஒப்புக்கொண்ட மாதிரி. ‘வி’யில் வைத்தால், கூப்பிடும்போதெல்லாம் நீங்கள் போன நாள் முன்னால் வந்து நிற்கும்.

பிறப்பைப் பதிகிற ஆபீசில், “பேர் என்னங்க?” என்று அங்கிருந்த கிளார்க் கேட்டபோது விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “அப்புறம் மாத்தறது கஷ்டமுங்க, யோசிச்சுச் சொல்லுங்க” என்றார். வியானா என்றேன். இடுப்பில் பாப்பா துள்ளியதில் எழுத்து கோணிப்போய், அவரே வாங்கி எழுதிக்கொண்டார்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு, பாப்பாவின் முதுகுப் பக்கமாக நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். ஆறு தடவை கூப்பிட்டேன். அவள் பாட்டுக்கு ஒரு தட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஏழாவது தடவை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள் அண்ணா, கீழ்வரிசையில் ரெண்டு பல். எனக்குப் பயம் போகவில்லை. ஆனால் அவள் அந்தப் பேருக்குத் திரும்பிவிட்டாள். இனி நான் கூப்பிட்டே ஆக வேண்டும்.