தாயம்மா என்று பின்பக்கம் எழுதியிருந்தது

ராயபுரம்,
ஜூன் 8

அன்பு மகள் மகிமாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய தயவில் நானும் அப்பாவும் நடமாட்டத்துடன் இருக்கிறோம். அப்பாவுக்கு பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், தலைசுற்றல் இப்போது இல்லை. ஆக்லாந்தில் உனக்கு இது குளிர்காலம், ஆஸ்பத்திரி டியூட்டிக்கு அலைகிற பெண், உடம்பும் மனசும் நன்றாக இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். போனில் பேசினால் பாதியில் நான் டீச்சராகிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன், கடைசிவரை படித்துவிடு.

அயர்லாந்துப் பள்ளி ஒன்று எங்கள் பள்ளிக்கூடத்தை அழைத்ததும், ப்ளஸ் ஒன் பிள்ளைகள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு ஏப்ரலில் நான் பத்து நாள் போய்வந்ததும் அப்பா சொல்லி உனக்குத் தெரிந்திருக்கும். நான் ஏன் முந்திக்கொண்டு பெயர் கொடுத்தேன் என்பதை நீயே ஊகித்திருப்பாய். என் அம்மாவழித் தாத்தாவின் அப்பா கார்னிலியஸ் டூலன் அந்த நாட்டுக்காரர், பெரம்பூர் ரயில்வே பட்டறைக்கு ஃபிட்டராக வந்தவர். நம் ஹால் போட்டோவில் கோட்டுப் போட்டுக்கொண்டு தனியாக நிற்கிறாரே, அவர்தான். அவரைக் காட்டித்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் தலை நிமிர்ந்தோம். அந்த நிமிர்வில்தான், போன கிறிஸ்துமஸுக்கு நீ லீவில் வந்திருந்தபோது, நீ கட்டிக்கொள்ள நினைக்கும் பகலவன் கேக் வாங்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்த அன்று, அவன் காதிலும் விழும்படி உன்னிடம், வியாசர்பாடிப் பையன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் நம்ம ரத்தம் வேற என்று சொன்னேன். அதைத் திரும்ப எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் சொன்னவள் நான்தான்.

அங்கே மழை என்றால் நம் ஊர் மாதிரி கொட்டித் தீர்க்காது, நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். முகத்துவாரக்குப்பத்துப் பெண் ஷாலு, ஒரு துறைமுகத்தில் மீன் பெட்டிக்குள் கையைவிட்டு, “டீச்சர், இது நம்ம கானாங்கெளுத்திதான், குளுருக்கு நல்லா கொழுத்துகினு கீது” என்றாள். அந்த மீன்காரர் சிரித்துவிட்டு இவளுக்குக் கத்தியைக் கொடுத்தார், இவள் சுத்தம் செய்த வேகத்தைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. ஒருநாள் அந்தப் பள்ளி ஆசிரியை, அவர்கள் சொந்த மொழியைப் பேசிய பிள்ளைகளின் கழுத்தில் ஒரு காலத்தில் குச்சியைக் கட்டி, ஒரு வார்த்தைக்கு ஒரு கோடு கிழித்து, சாயங்காலம் அதை எண்ணி அடிப்பார்கள் என்று சொன்னார். எங்கள் பிள்ளைகளில் சங்கமித்ரா உடனே என் பக்கம் திரும்பி, “நாங்க ‘இன்னா’ன்னு சொன்னா நீங்க பெஞ்சு மேல நிக்க வெப்பீங்களே, அத்த மாரியா டீச்சர்?” என்று கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை மகிமா, உண்மையாகவே கேட்டாள். இவளும் வியாசர்பாடிதான்.

ஏழாம் நாள் டூலனின் ஊருக்குப் போனோம். நான் முன்கூட்டியே கடிதம் எழுதி விசாரித்ததில், அவருடைய தம்பியின் பேரன் டோனல் அந்தப் பழைய வீட்டிலேயே இருப்பது தெரிந்தது. எண்பத்திரண்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பன்னிரண்டு மாடு வைத்திருக்கிறார். அடுப்பங்கரையில் எல்லோரையும் உட்காரவைத்து டீ கொடுத்தார். நான் டூலன் பிறந்த வருஷம், கப்பல் ஏறிய மாதம், பட்டறையில் வாங்கிய பதக்கம் எல்லாவற்றையும் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னேன். பிள்ளைகளுக்குத் தமிழிலும் சொன்னேன். சங்கமித்ரா, “அவரு ஒய்ஃபு பேரு இன்னா டீச்சர்?” என்றாள். தெரியாது, யாரோ நம் ஊர்ப் பெண் என்றேன். “யாரோவா? அவங்களும் உங்களுக்குப் பாட்டிதானே?” என்றாள். அவள் என்ன கேட்கிறாள் என்று டோனல் விசாரித்தார், ஷாலு தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். அவர் எழுந்து உள்ளே போய் ஒரு போட்டோவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

நம் ஹாலில் இருக்கிற அதே போட்டோதான். ஆனால் இதில் டூலன் தனியாக இல்லை. நம் போட்டோவில் அவர் இடது கை ஓரத்தில் மறைந்துபோகுமே, பக்கத்தில் நாற்காலி இருந்திருக்கும் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோமே, அந்தக் கை ஒரு பெண்ணின் தோள்மேல் இருந்தது. கண்டாங்கிச் சேலை, வெறுங்கால், நல்ல கறுப்பு, மடியில் குழந்தை, காமிராவை நேராக முறைத்துப் பார்க்கிறாள். பின்பக்கத்தில் அவர் கையெழுத்தில், என் மனைவி தாயம்மா என்று இருந்தது. கூடவே ஒரு கடிதம். இவள் ராயபுரம் ஸ்டேஷனில் கூடை சுமந்தவள், சொந்தக்காரர்கள் புளியந்தோப்பில், நான் காய்ச்சலில் கிடந்தபோது இருபது நாள் கூட இருந்து பிழைக்கவைத்தவள், அம்மா கோபப்பட்டால் படட்டும், மருமகள் பெயரையாவது தெரிந்துகொள்ளட்டும் என்று தம்பிக்கு எழுதியிருந்தார். புளியந்தோப்பிலிருந்து வியாசர்பாடிக்கு நடந்தே போய்விடலாம் மகிமா. அந்த அம்மா ஒரு வருஷம் கோபமாக இருந்துவிட்டு அப்புறம் போட்டோவை அடுப்புக்கு மேலே மாட்டினாளாம், டோனல் சிறுவனாக இருந்தவரை அங்கேதான் தொங்கியதாம். ஐயாயிரம் மைல் தள்ளி இருந்தவர்கள் அவள் பெயரை வைத்திருந்தார்கள். நான் பிள்ளைகள் முன்னால் அழுதுவிட்டேன். சங்கமித்ரா என் டீயை எடுத்து அப்பால் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஊருக்கு வந்ததும் ஃபிரேமைக் கழற்றினேன். ஓரம் கத்தரியால் வெட்டியிருந்தது. பெரம்பூருக்குப் போய் சாலமன் மாமாவைக் கேட்டேன், என் அம்மாவின் தம்பி அவர் ஒருவர்தானே மிச்சம். “எங்கப்பாதான் வெட்டுனாரு. வேலைக்குச் சேர்றப்போ வெள்ளக்கார வம்சம்னு காட்டணுமே. கடசி காலத்துல, எங்கம்மாவ நானே வெட்டிட்டேன்டான்னு அழுவாரு” என்றார். மடியில் இருந்த குழந்தைதான் என் தாத்தா. தன் உருவத்தையும் சேர்த்துத்தான் வெட்டியிருக்கிறார். அவரை நான் என்ன சொல்ல, பிழைப்புக்காகச் செய்தார். எனக்கு அந்தப் பயமும் இல்லை, அவசியமும் இல்லை, நான் உன்னிடம் சொன்னதற்கு ஒரு காரணமும் கிடையாது.

போன சனிக்கிழமை அப்பாவைக்கூட அழைக்காமல் வியாசர்பாடிக்குப் போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, மூட்டு வலி உயிர் போனது. பகலவன் துறைமுகத்தில் டியூட்டியில் இருந்தான், அவன் அம்மா மங்கை மட்டும் தையல் மெஷினில் இருந்தார். நான் யார் என்று சொன்னதும் மெஷினை நிறுத்தினார், எழுந்திருக்கவில்லை. நான் தப்பாகப் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். “எம்புள்ள உங்க வூட்டுலேந்து வந்து மூணு நாளு சரியா துன்னல. அத்த நான் மறக்க மாட்டேன். மாடி ஏறி வந்துகீறீங்க, உக்காருங்க” என்றார். தண்ணீர் கொடுத்தார். அப்புறம்தான் சொன்னார், நீ வாரம் தவறாமல் அவருக்குப் போன் செய்து, சாப்பிட்டீங்களா அத்தை, கண் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்களா என்று கேட்கிறாயாம். எனக்குக் கண் ஆபரேஷன் தேவை என்றால் நீ கேட்பாயா என்று ஒரு நிமிஷம் பொறாமையாக இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். கிளம்பும்போது கல்யாணத்தை எப்போது வைக்கலாம் என்று நான்தான் கேட்டேன். பொண்ணு வந்து சொல்லட்டும், அது சொல்றதுதான் தேதி என்றார் மங்கை. எனக்கும் அதுதான் சரி.

நீ என்னை உடனே மன்னிக்கவேண்டும் என்று இல்லை, மங்கையே இன்னும் மன்னிக்கவில்லை. டோனல் கொடுத்த போட்டோவின் பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். அவள் நெற்றியைப் பார், அப்படியே உன் நெற்றி. நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, ஸ்வெட்டர் நனைந்தால் உடனே மாற்று. தேவன் உன்னையும் பகலவனையும் சேர்த்தே ஆசீர்வதிக்கட்டும், இரண்டு பெயரையும் சொல்லித்தான் இப்போது ஜெபிக்கிறேன். ஆறு மாதமாக நீ அப்பாவின் போனில்தான் பேசுகிறாய், நான் அடுத்த அறையிலிருந்து உன் குரலைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை என் நம்பருக்கு அடி. என்ன பேசுவது என்று தெரியாவிட்டாலும் அடி.

உன் அம்மா,
ஜெரினா