நாற்பத்தொரு டிகிரியில் உருகும் கொழுப்பு

மார்ச் 3

யாருமே நம்பமாட்டாத கதை ஒன்றை எழுதப்போகிறேன் என்று இந்த நோட்டின் மேல் அடித்துச் சத்தியம் செய்கிறேன். எழுதுவது நான்: ஆய்வகச் சாமான் அறையின் சக்கரவர்த்தி, ஏழாயிரம் பாட்டில்களின் காவலன்.

என் அக்கா மகள் மிளகு (ஆள் சிறிசு, காரம் பெரிசு) மாடி ஆய்வகத்தில் கொழுப்பை உருக்குகிறாள். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்கும் சுவர் அந்த மாதிரிக் கொழுப்புதானாம். மெழுகாய் விறைத்து நிற்பது நாற்பத்தொரு டிகிரியில் தளர்ந்துவிடும். கொஞ்சம் ஆல்கஹால் கலந்தால் அதற்கு முன்பே தளரும்.

"நிறைய ஊத்தினா திரும்ப விறைச்சுக்கும் மாமா. உருக்க இன்னும் சூடு கேக்கும்."

"நம்ம ஆளுங்களும் அப்படித்தான். முதல் ரவுண்டுல கட்டிப்பிடிப்பான், நாலாவதுல முறைப்பான்."

அவள் சிரித்த சிரிப்பில் மூன்று ஜன்னல் உடைந்தது.

மார்ச் 19

அவள் வரைபடத்தில், ஆல்கஹால் கூடக்கூட உருகும் சூட்டின் கோடு இறங்குகிறது. நிறைய ஊற்றியும் திரும்ப ஏறவில்லை.

ஏப்ரல் 8

பதினோராவது தடவை. இன்னும் ஏறவில்லை. மற்ற ஆய்வகங்களில் எல்லாம் ஏறுகிறதாம். பேராசிரியர் எல்லார் முன்னாலும், "உன் கை சுத்தமில்லம்மா. மாசக் கடைசி வரைக்கும் பாரு, அப்புறம் இந்த இடம் வேற ஆளுக்கு" என்றாராம்.

என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்து பாட்டிலை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் ஆல்கஹால் குடுங்க மாமா."

பெரிய கேனிலிருந்து ஊற்றினேன். மூடியைத் திருகிக் கேனை அலமாரிக்கு அடியில் தள்ளினேன்.

ஏப்ரல் 9

எழுதித் தொலைக்கிறேன். அந்தக் கேனில் பாதிக்குப் பாதி தண்ணீர். டிசம்பரிலிருந்து தினமும் மத்தியானம் ஒரு மூடி குடித்தேன் — ஒரு மூடியா? இங்கேயுமா புளுகு? குறைந்தது தெரியாமலிருக்கக் குழாய்த் தண்ணீர் ஊற்றி நிரப்பினேன். நிறைய ஊற்றியதாக அவள் நினைக்கிறாள். பாவி, நிறையவே இல்லையே. கோடு எப்படி ஏறும்?

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்?

ஏப்ரல் 17

இன்று சொல்லிவிடுவேன்.

சொல்லவில்லை.

ஏப்ரல் 30

சொன்னேன். அவள் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

"கேன்ல தண்ணி கலந்தது நான்தான்டீ."

நிமிரவே இல்லை. "போன வருஷம் ஃபிரிட்ஜை யானை மிதிச்சிடுச்சுன்னீங்க. நான் ஃபெயிலானப்ப, வாத்தியாரை முதலை கடிச்சதால மார்க் போடலைன்னீங்க. என்னைக் காப்பாத்த இப்ப இது ஒரு கதையா மாமா?"

"சத்தியமாடீ!"

"எல்லாத்துக்கும்தான் சத்தியம் பண்ணுவீங்க."

என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். கோபப்பட்டிருக்கக் கூடாதா?

பேராசிரியரிடம் ஓடினேன். "அக்கா பொண்ணுக்காக வேலையையே விடத் துணிஞ்சிட்டீங்களே, பெரிய மனசு. சரி, அந்தக் கேனைக் காட்டுங்க" என்றார்.

நேற்றுதான், பயத்தில், அதைக் கழுவிக் கவிழ்த்திருந்தேன்.

ஜூன் 14

சீல் உடைக்காத புதுக் கேன். நான் மூடியைக்கூட முகரவில்லை. மிளகின் இடத்துக்கு வந்தவருக்கு முதல் தடவையே கோடு இறங்கி, வளைந்து, ஏறிவிட்டது. மாடியில் கைதட்டல். "கை சுத்தம்னா இதுதான்" என்றாராம் பேராசிரியர்.

அக்கா போன் செய்தாள். "அவ மருந்துக்கடையில சேந்துட்டாடா. ஒவ்வொரு மாத்திரையையும் மூணு தடவை எண்ணுறாளாம். தன் கையையே நம்பமாட்டேங்கிறா."

ஏழாயிரம் பாட்டில் பொய், முந்நூற்றுப் பன்னிரண்டுதான். யானை பொய், முதலை பொய், சக்கரவர்த்தி பெரும்பொய்.

தண்ணீர் ஊற்றியது மட்டும் நிஜம்.