மாதம் ஒரு கல்

மார்ச் 3
வரி கட்ட மனமில்லாமல் நான் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறேன் என்று நாத்தனார் சொல்லி வருகிறாளாம். தவறு. ஒரே அலுவலகம், மூன்று முறை. அதில் ஒருமுறை, படிவத்திலிருந்த எழுத்துப் பிழையைக் காட்ட மட்டும் போனேன்.

வேலை நடக்கும் கல் குவாரி நிலத்துக்குச் சொத்து வரி விலக்கு உண்டு, நின்றுபோனதற்கு இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதற்குப் படிவம் கொடுக்க வேண்டும்; இதுவரை என் கணவர் எழுதிக் கொடுத்தார். அவர் இறந்து பதினான்கு மாதம். குவாரி இயந்திரங்களை அப்போதே விற்றாயிற்று. விலக்கு கிடைக்காவிட்டால் நிலத்தையும் விற்க வேண்டியதுதான். அவருடைய முப்பத்தெட்டு வருடம் அந்தப் பள்ளத்தில் இருக்கிறது.

மார்ச் 6
படிவத்தில் ஏழாம் கேள்வி: ‘தற்போது கல் எடுக்கப்படுகிறதா?’

“ஆமான்னு ஒரு டிக் போடுங்க அண்ணி. யாரு வந்து பாக்கப் போறா?” என்றாள் நாத்தனார்.

“நான் இருக்கேனே, பாக்கறதுக்கு.”

“எங்கண்ணன் உங்களை நீங்க பாடம் நடத்தின அந்தக் கான்வென்ட்லயே விட்டுட்டு வந்திருக்கணும்.”

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 7
‘இல்லை’ என்று எழுதினேன். மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9
குவாரிக் கொட்டகையில் குடியிருக்கும் மேஸ்திரி, நிலத்தை விற்கப்போவதை என் வாயால் கேட்கட்டும் என்று போனேன். பள்ளத்தில் உளிச் சத்தம். அவர்தான், தனியாக. பக்கத்தில் வரிசையாகப் பதினான்கு கல். ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் ஒரு மாதத்தின் பெயர்.

“என்ன மேஸ்திரி இது?”

“மாசம் ஒரு கல்லாவது எடுக்கச் சொன்னாரும்மா ஐயா. ‘எனக்கப்புறம் அவதான் படிவம் எழுதணும். பொய் எழுதமாட்டா. நீ அதை நிஜமாக்கிடு’ன்னாரு.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“அவங்களா கேக்கறவரைக்கும் வாயத் திறக்காதேன்னாரு. முன்னாடியே தெரிஞ்சா ஏமாத்துவேலைன்னு நிறுத்திடுவீங்களாம்.”

நிறுத்தித்தான் இருப்பேன். எப்படித் தெரிந்துவைத்திருக்கிறார் இந்த மனுஷன் —

ஒரு கல்லில் ‘பிப்ரவரி’ பிழையாக இருந்தது. திருத்தவில்லை.

மார்ச் 11
இது ஏமாற்றா? இரண்டு நாள் யோசித்தேன். எதையும் மறைக்காமல் எழுதினால், இல்லை. ‘இல்லை’ என்று எழுதியதைக் கொடுக்காமல், வேறு படிவம் வாங்கி வந்தேன்.

மார்ச் 12
இன்று கொடுத்ததன் நகல்:

‘கேள்வி ஏழு: ஆம். மாதம் ஒரு கல். எடுப்பவர் ஒருவர், கையால். இந்த மாதத்தோடு பதினைந்து கற்கள், வந்து பார்க்கலாம். இது போதாது என்றால், எந்த விதிப்படி என்று குறிப்பிட்டு, எழுத்தில் பதில் தரவும்.’