நீ முதலில் கோத்த கடைசிச் சொல்

இன்று காலை நூல் அறுந்துவிட்டது. பேனை தேடி மேசை லாச்சியைத் திறந்தபோது நீ கட்டித் தந்த அந்தச் சின்னக் கட்டு கையோடு வந்தது. உக்கிப்போன நூல் கழன்று, நான்கு ஈய எழுத்துகளும் நிலத்தில் சிதறின. மு, ற், ம் மூன்றையும் பொறுக்கிவிட்டேன். 'று' அலுமாரிக்கு அடியில் ஓடிவிட்டது. தும்புத்தடியால் துழாவிப் பார்த்தேன், வரவில்லை. எனக்கு வந்த எரிச்சலைப் பார்த்திருந்தால் நீ சிரித்திருப்பாய்.

மானிப்பாய் அச்சகத்தில் நீ எழுத்துக் கோப்பவள், நான் புரூப் பார்ப்பவள். இருவருக்கும் ஒரே வயது. வாய் மட்டும் உனக்கு நீளம். செத்தவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீடுகளில் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகங்கள்தான் எங்களுக்கு முக்கால்வாசி வேலை. இறந்தவர்களின் வரலாறுகளையெல்லாம் திருத்திக்கொண்டே நானும் ஒரு கதை எழுதப்போவதாகச் சொல்லித் திரிந்தேன். பருத்தித்துறையிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் ஒரு பெண்ணின் கதை. இரண்டு வருடமாக முதல் பந்தியையே எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

"கதை எங்கையடி?"

"இந்தா எழுதிறன்."

"எப்ப தருவாய்?"

"இந்தா தாறன்."

ஒருநாள் என் மேசையில் அந்தக் கட்டைக் கொண்டுவந்து வைத்தாய். "உன்ரை கண்டறியாத 'இந்தா'வைக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. நான் என்ரை பக்கத்தாலை தொடங்கிட்டன். இந்தா, முற்றும். மிச்சத்தை நீ கொண்டா, அதுவரைக்கும் இது என்னட்டைக் கிடக்கட்டும்."

அன்று பின்னேரம் ஒரு கல்வெட்டுக்கு 'று' போதாமல் முதலாளி பெட்டி பெட்டியாகக் கிண்டினார். "கிடந்த று எங்கை பிள்ளை போச்சு?" என்று கேட்டார். "தேய்ஞ்சு போச்சு ஐயா" என்று நீ முகம் மாறாமல் சொன்னாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வராத பொருளாதாரத் தடைக் காலம். கடதாசி இல்லை என்று சாக்குச் சொன்னேன். "நீ எழுதாததாலைதானடி கொஞ்சமெண்டாலும் மிச்சம் கிடக்கு" என்றாய். கல்வெட்டின் ஓரம் வெட்டும்போது விழும் நீளத் துண்டுகளை எடுத்துவந்தாய். ஒரு நாளைக்கு ஒரு துண்டு. அதில் எத்தனை வரி கொள்ளுமோ அவ்வளவுதான். எழுதியதை மறுநாள் காலையில் வாங்கிக்கொண்டு வெறுந் துண்டொன்றைத் தருவாய். பழையது திரும்பி வராது.

"தொடக்கத்தை ஒருக்காப் பாத்திட்டுத் தாறனே?"

"தரமாட்டன். பாத்தால் திருத்துவாய். திருத்தினால் திரும்பவும் முதல்லையிருந்து தொடங்குவாய். உது உன்ரை வருத்தம், மருந்தில்லாத வருத்தம்."

அதற்காக உன்னோடு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தேன். ஆனால் துண்டை மட்டும் தந்தேன். பொம்பர் விமானம் சுற்றிய நாளிலும் பதுங்கு குழிக்குள் இருந்து நான்கு வரி எழுதினேன். மாதக்கணக்கில் இப்படியே ஊர்ந்தது. ஒரு காலை நீ வாசித்துவிட்டுச் சொன்னாய்: "நேற்று வரைக்கும் உன்ரை மீன் மணக்கேல்லை. இண்டைக்கு மணக்குது." அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த பாராட்டு ஒன்றும் அதற்குக் கிட்டவும் வராது.

கடைசித் துண்டுதான் மிச்சம். முடித்துவிட்டால் நன்றாக இல்லை என்று தெரிந்துவிடுமே என்ற பயத்தில் அதை ஒரு கிழமை வெறுமையாக வைத்திருந்தேன். சைக்கிளைப் பிடித்தபடி எங்கள் வீட்டுப் படலையடியில் நின்று "எங்கை?" என்றாய். "இந்தா, நாளைக்குத் தாறன்" என்றேன்.

அந்த நாளைக்குத்தான், இராணுவம் நெருங்குகிறது என்று வலிகாமப் பகுதிச் சனம் முழுவதுமே ஊரைவிட்டு வெளிக்கிட்டது. ஐப்பசி மழையில், சனத்தின் நெரிசலில், உன்னைத் தேடவும் முடியவில்லை. மீசாலையில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று உன் அண்ணை வந்து சொன்னபோது மார்கழி பிறந்துவிட்டது. அவர் கையில் ஒரு பிஸ்கட் தகரம். "உம்மட்டைக் குடுக்கச் சொன்னவள்." என் துண்டுகள் எல்லாம் இலக்கமிட்டு, ஒழுங்காக, ஈரம் படாமல் இருந்தன. மேலே அந்தக் கட்டு. அந்த ஓட்டத்தில் இதையா தூக்கிக்கொண்டு நடந்தாய், விசரி! ஊருக்கெல்லாம் கல்வெட்டுக் கோத்த உனக்கு ஒரு கல்வெட்டு அடிக்க அச்சகம் இருக்கவில்லை. எனக்கு என்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அதன் பிறகு எழுதியதெல்லாம் துண்டு துண்டாகத்தான். ஒவ்வொரு நாளும் எழுதியதை மகளிடம் கொடுத்துவிடுவேன், முடியும்வரை திருப்பிக் கேட்கமாட்டேன். அப்படியே மூன்று புத்தகம் வந்துவிட்டது. அந்த மீன்காரியின் கதையை மட்டும் தொடவில்லை. வாங்க நீ இல்லாமல் யாரிடம் கொடுப்பது?

மத்தியானம் மகளும் நானுமாக அலுமாரியை நகர்த்தினோம். தூசிக்குள் 'று' கிடந்தது. கை கழுவவும் இல்லை, அப்படியே எழுத இருந்துவிட்டேன். கலண்டர் ஓரத்தை நீளமாகக் கிழித்து அந்தக் கடைசித் துண்டை எழுதினேன். மீன்காரி வெறுங்கூடையோடு கடைசி பஸ்ஸில் ஏறிவிட்டாள். திருத்தவில்லை. நான்கு எழுத்தையும் புது நூலால் சேர்த்துக் கட்டி அதன்மேல் வைத்திருக்கிறேன்.

இந்தா, பிடி.