ஜீப்புக்கு எப்போது வயசானது?

அன்புள்ள அப்பா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஊர் அடங்கிய பிறகு ஆளை எழுப்பக் கூடாது என்பீர்கள். பாப்பாவுக்குச் சளி. மூச்சு சீராக வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இனித் தூக்கம் வராது. உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

முதலில் நல்ல செய்தி. உங்கள் ஜீப்புக்கு உயிர் வந்துவிட்டது. நீங்கள் போன பிறகு கீழ்பென்னாத்தூர் வீட்டு வேப்பமரத்தடியில், சீட்டில் கோழி அடைகாக்கக் கிடந்ததே, அதை உங்கள் மாப்பிள்ளை திருவண்ணாமலைக்குக் கட்டி இழுத்து வந்தார். மிலிட்டரி ஏலத்தில் நீங்கள் எடுத்தபோது எப்படி இருந்ததோ, அப்படியே உங்கள் முதல் வருஷத் திதிக்குள் ஓட வேண்டும் என்று பிடிவாதம். புதுசாக ஒரு செல்போன் வாங்கியிருக்கிறார். அதில் பாதிப் பேச்சு பழைய ஹெட்லைட்டைப் பற்றித்தான். கடைசியில் வேலூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது.

நிறத்துக்குத்தான் பெரும்பாடு. மேலே இருந்தது, செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு ஓட்டியபோது நீங்கள் அடித்த வெள்ளை. சுரண்டினால் நீலம். அதற்கும் அடியில் வெயிலில் வெளுத்துப்போன ஒரு பச்சை. அசல் பச்சை எது என்று அம்மாவைக் கேட்டால், ஒரு நாள் வாழையிலை என்கிறாள், மறுநாள் புளிய இலை என்கிறாள். மெக்கானிக் பாஷா பாய் டிரைவர் சீட்டைக் கழற்றினார். அடியில் வெயிலே படாத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, ஏலத்தில் வந்த அன்றைய பச்சை அப்படியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் பெயிண்ட் கலக்கினார்கள்.

கிரிவலப் பாதையில் அந்த அடி அண்ணாமலை ஊர் டீக்கடைக்காரர் உங்களைக் கிண்டல் செய்வாரே, ஞாபகம் இருக்கிறதா?

"இன்னா மாமா, கிரிவலம் போறவங்க நடந்தே உன்ன முந்திட்டாங்க. நீயும் எறங்கி நடந்துடேன்."

"வண்டிக்கு வயசாயிடுச்சிடா. இதுக்கு மேல போவாது" என்று சிரிப்பீர்கள். முன்சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் எனக்கு அவமானமாக இருக்கும். எண்ணெய்ச் செக்குக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றிப் போகிற டிராக்டர்கூட நம்மைத் தாண்டிப் போகும்.

இன்று சாயந்திரம் பாஷா பாய் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இது கம்பெனி வெச்சதில்லம்மா. ஆக்சிலேட்டர் கீழ ஒரு பெரிய நட்டை வெல்டிங் வெச்சிருக்காங்க. எவ்ளோ அமுக்குனாலும் பெடல் பாதியில நின்னுடும். என்ஜின்ல ஒரு கொறையும் இல்ல. இத எடுத்துட்டா பறக்கும்."

"எடுத்துடுங்க பாய்" என்றார் உங்கள் மாப்பிள்ளை. "ஒரிஜினல்னா முழுசா ஒரிஜினலா இருக்கணும்."

"நாளைக்குச் சொல்றோம் பாய்" என்று நான் குறுக்கே புகுந்தேன். ஏன் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அவளிடம் கேட்டேன். கீரை ஆய்ந்த கையை நிறுத்தாமலே சொன்னாள்:

"நட்டு கிட்டுலாம் எனக்கின்னா தெரியும்? கல்யாணம் ஆன புதுசுல அந்த வண்டில செங்கம் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு உசிரே போயிடும். அப்பிடி ஓட்டுவாரு. நீ நடக்க ஆரம்பிச்ச, முன்னாடிதான் நிப்பேன்னு அடம் புடிச்ச. அதுக்கப்புறம்தான்டி வண்டிக்கு வயசாயிடுச்சுன்னாரு."

மெதுவாக ஓட்டினால் போதாதா அப்பா? உங்கள் காலை நீங்களே நம்பவில்லையா?

எம்.எஸ்சி. படித்தவள் நான். கேஸை மூடினேனா என்று படுத்த பிறகும் எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன். பாப்பா மாடிப்படிப் பக்கம் போனாலே ஓடிப்போய்த் தூக்கிக்கொள்வேன். "படிச்சவ பண்ற வேலையா இது" என்பார் இவர். அப்பாவின் தைரியம் எனக்கு வரவில்லையே என்று நினைத்துக்கொள்வேன். நீங்களோ ஊர் சிரிக்கச் சிரிக்க, அந்த நட்டை நம்பி ஓட்டியிருக்கிறீர்கள். யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட.

படுக்கும்போது இவரிடம் நட்டு இருக்கட்டும் என்றேன்.

"பழைய வண்டி கண்காட்சிக்குக் கொண்டுபோனா இது இன்னான்னு கேப்பாங்க."

"வண்டிக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லுங்க."

இருட்டில் சிரித்தார். அப்புறம், "சரி, பாப்பா அதுலதான ஒக்காரப்போறா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆகவே உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். அந்த நட்டை யாரும் தொட மாட்டார்கள். அதற்கும் அதே பச்சையை அடிக்கச் சொல்லி, நாளைக் காலையில் நானே பாஷா பாயிடம் போகிறேன். திதியன்று உங்கள் பேத்தி முன்சீட்டில் வருவாள், என் மடியில். எத்தனை டிராக்டர் வேண்டுமானாலும் தாண்டிப் போகட்டும்.

கேட்க வந்தது இதுதான். நான் காலேஜ் போனேன், கல்யாணமாகிப் போனேன். முன்சீட்டில் நிற்க ஆளே இல்லை. அப்போதும் அந்த நட்டை நீங்கள் எடுக்கவில்லை. மறந்துபோனதா? இல்லை, இந்தப் பயம் விடுவதே கிடையாதா?

சீக்கிரம் பதில் போடுங்கள்.

முன்சீட்டில் நின்று வந்த உங்கள் மகள்,
கலா